ஏழாம் பெட்டில் ஒரு பௌர்ணமி

கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார் டாக்டர். மூடிக்கொண்டேன். "இப்ப உங்க பாதத்தைத் தொடுவேன். தொட்டது தெரிஞ்சா சொல்லுங்க" என்றார். காத்திருந்தேன். ஒரு நிமிஷம் போனது, இன்னொரு நிமிஷமும் போனது. "சீக்கிரம் தொடுங்க டாக்டர், மெஸ்ஸுல சாப்பாட்டு நேரம் ஆயிடுச்சு" என்றேன். கண்ணைத் திறந்து பார்த்தால், மெல்லிய நைலான் இழை ஒன்று என் வலது உள்ளங்காலில் குத்தி வளைந்து நின்றுகொண்டிருக்கிறது. "பத்து இடத்துல தொட்டேம்மா. நீங்க ஒண்ணு கூட சொல்லல" என்றார். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் விசாலாட்சி. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். எனக்கு வாய் ஜாஸ்தி, பொறுமை கம்மி. இது நானே சொல்வதில்லை, சாப்பிட வருகிறவர்கள் எல்லாரும் சொல்வது. சர்க்கரை வந்து பதினோரு வருஷம் ஆகிறது. மாத்திரை போட்ட நாளும் உண்டு, மறந்த நாளும் உண்டு. ஆனால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் மட்டும் தவறியதில்லை. பத்தொன்பது வருஷமாக, காலில் செருப்பில்லாமல், பதினாலு கிலோமீட்டர்.

கடைசியாக நடந்த பௌர்ணமியன்று மெஸ்ஸில் கூட்டம் அலைமோதும் என்பதால், வழக்கமாக மாலையில் போகிறவள் பகல் பதினொரு மணிக்கே கிளம்பிவிட்டேன். தார் ரோடு கொதித்தது. கூட வந்த பெண்கள் எல்லாம் ஓரத்து மண்ணில் துள்ளித் துள்ளி நடந்தார்கள். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. "பாருங்கடி, எனக்குச் சுடவே இல்ல. எல்லாம் அண்ணாமலையார் கருணை" என்று பெருமையாக வேறு சொன்னேன். கருணையாவது! நரம்பு மரத்துப்போயிருக்கிறது. சர்க்கரை பல வருஷம் கட்டுக்கு அடங்காமல் இருந்தால் பாதத்து நரம்புகள் சூடு, வலி, முள் எதையும் மூளைக்குச் சொல்லாதாம். கொப்புளம் வந்து, உடைந்து, புண்ணாகி, சீழ் பிடித்து, ஒருநாள் என் வீட்டுக்காரர் "ஏதோ வாடை வருதே" என்று என் காலைத் தூக்கிப் பார்க்கும் வரைக்கும் நான் அந்தக் காலோடுதான் அடுப்படியில் நின்று சாம்பார் கொதிக்க வைத்திருக்கிறேன்.

இரத்தத்தில் ஒரு பரிசோதனை செய்தார்கள். மூன்று மாதமாக உடம்பில் சர்க்கரை எந்த அளவில் ஓடியது என்று காட்டிவிடுமாம். முந்தின நாள் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது. நானும் எவ்வளவோ டாக்டர்களை அப்படி ஏமாற்றியவள்தான். இந்தப் பரிசோதனையிடம் மாட்டிக்கொண்டேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். கட்டைவிரலுக்கு அடுத்த விரலின் எலும்பு வரைக்கும் சீழ் போயிருக்கிறது, கட்டைவிரலைக் காப்பாற்றப் பார்க்கலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். உடனே சேரச் சொன்னார்.

ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை. பெண்கள் வார்டில் பதினாலு கட்டில்கள். எனக்கு ஏழாம் பெட். அதற்கு எதிரே, நாலடி தூரத்தில் நர்ஸுகளின் மேசை. அவர்கள் பேசுவது அத்தனையும் என் காதில் விழும். விழாவிட்டாலும் நான் விழ வைத்துக்கொள்வேன்.

முதல் நாள் அழுகிய சதையை வெட்டி எடுத்தார்கள். எனக்கு வலிக்கவே இல்லை என்பதுதான் பயங்கரம். வலிக்காத காலைப் பார்த்து நான் அழுதேன். என் வீட்டுக்காரர் சமையல்கட்டுப் பக்கம் கல்லாவை விட்டு எழுந்து வராத மனுஷன். அவர் அன்று ராத்திரியே யாரிடமோ கேட்டுக் கோதுமை ரவை உப்புமா கிண்டிக்கொண்டு வந்தார். கட்டி கட்டியாக இருந்தது. மெஸ்ஸில் யாராவது அப்படிக் கிண்டியிருந்தால் சட்டியோடு வெளியே எறிந்திருப்பேன். அன்று வழித்துச் சாப்பிட்டேன்.

இரண்டாம் நாள்தான் அந்த நோட்டைப் பார்த்தேன். நர்ஸுகள் மேசையின் ஓரத்தில் ஆணியடித்து, நூல் கட்டித் தொங்கவிட்ட நாற்பது பக்க நோட்டு. மத்தியானம் இரண்டு மணிக்குக் காலை ஷிப்ட் போய் அடுத்த ஷிப்ட் வரும். அதற்குக் கால் மணி நேரம் முன்னால் இரண்டு ஷிப்ட்டுக்காரிகளும் மேசையைச் சுற்றி வட்டமாக நிற்பார்கள். ஒருத்தி நோட்டைப் பிரித்துப் படிப்பாள். அன்று படித்தது இது: "நாலாம் பெட்டில் டிரிப் பாட்டில் தீர்ந்து இருபது நிமிஷம் கழித்துத்தான் மாற்றினேன்." செய்த தப்பை அவரவரே எழுதி வைக்க வேண்டும், பெயர் கிடையாது. வார்டின் பெரிய நர்ஸை எல்லாரும் இன்சார்ஜ் சிஸ்டர் என்பார்கள், பெயர் செல்வராணி. ஐம்பது வயதிருக்கும், குரல் உயராத பெண்மணி. புதிதாக வந்த ஒரு பெண் "யாரு சிஸ்டர் அது?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டாள். "யாருன்னு இந்த வட்டத்துல கேக்கக் கூடாது. எப்படி ஆச்சுன்னு கேளு" என்றார் அவர். எப்படி என்று கேட்டார்கள். அந்த நேரத்தில் ஒரே நர்ஸ் மூன்று பேருக்கு டிரிப் மாற்ற வேண்டியிருந்தது என்று தெரிந்தது. மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் தீராதபடி டிரிப் ஏற்றும் நேரத்தைத் தள்ளித் தள்ளி வைக்கலாம் என்று முடிவு செய்தார்கள். ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. என் மெஸ்ஸில் இப்படி நோட்டு வைத்தால் நாளுக்கு ஒரு நோட்டு தீர்ந்துபோகும். அங்கே சாம்பாரில் உப்புக் கரித்தால் என் முதல் வார்த்தை "எவன்டா போட்டது?" என்பதுதான். சமையல்கட்டில் இருக்கும் மூன்று பேரும் "நான் இல்லக்கா" என்பார்கள். மறுநாள் திட்டுக்குப் பயந்து மூன்று பேரும் போட மாட்டார்கள், சாம்பார் சப்பென்று இருக்கும். பதினைந்து வருஷமாக உப்பு ஒருநாள் ஜாஸ்தி, ஒருநாள் கம்மி. அது ஏன் என்று நான் யோசித்ததே இல்லை.

எனக்கு ஊசி போடுவதும் கட்டு மாற்றுவதும் நஸ்ரின் என்ற பெண். ஒல்லியாக இருப்பாள், ஆரணிக்காரி. வேலைக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஆறு மாதம் முடிந்தால்தான் நிரந்தரம் என்று எட்டாம் பெட்டுக்காரியின் தங்கச்சி சொன்னாள், வார்டுச் செய்திகள் எல்லாம் அவளிடம் கிடைக்கும். புதன்கிழமைகளில் வார்டுக் கோடியில் நர்ஸுகளுக்கு வகுப்பு நடக்கும். புண்ணைப் பார், நிறத்தைப் பார், முகர்ந்து பார் என்று செல்வராணி சொல்வதை நஸ்ரின் உள்ளங்கையில் கூட எழுதிக்கொள்வாள். பிறகு என் காலிடம் வந்து மண்டியிட்டு, சொன்னபடியே முகர்ந்து பார்ப்பாள். நான் வெட்கத்தில் காலை இழுப்பேன். "இழுக்காதீங்கம்மா, உங்க காலு பேசாது. நாங்கதான் கேட்டுத் தெரிஞ்சிக்கணும்" என்பாள்.

ஐந்தாம் நாள் பௌர்ணமி.

ஊரே மலையைச் சுற்றிக்கொண்டிருக்கும், நான் மட்டும் கட்டிலில். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. நடக்கத்தான் முடியவில்லை, விரதமாவது இருப்போம் என்று முந்தின நாளே மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். நிலா பார்த்துவிட்டுச் சாப்பிட்டுக்கொள்ளலாம். காலையில் வீட்டுக்காரர் இட்லி கொண்டு வந்தார். "இன்னிக்கு விரதம் கிரதம்னு ஆரம்பிச்சிடாத" என்றார். "ச்சீ, எனக்கு என்ன பைத்தியமா?" என்றேன். மெஸ்ஸில் கூட்டம் என்று அவர் ஓடிவிட்டார்.

ஏழரைக்கு நஸ்ரின் இன்சுலின் ஊசியோடு வந்தாள். "டிபன் வந்துடுச்சாம்மா? சாப்பிடுவீங்கல்ல?" என்று கேட்டாள். டப்பாவைத் திறந்து காட்டினேன். "இதோ எடுத்து வச்சிட்டேன். நீ போட்டுட்டுப் போ, நான் சாப்டுர்றேன்." போட்டாள். அரைமணி கழித்து வாசலிலிருந்து தலையை நீட்டி, "சாப்பிட்டாச்சாம்மா?" என்றாள். "ஆச்சு ஆச்சு" என்றேன். நாலு இட்லியும் அப்போது எட்டாம் பெட்டுக்காரியின் தங்கச்சி வயிற்றில் இருந்தது. இன்சுலின் சர்க்கரையை இறக்கும் மருந்து, சாப்பிடாமல் போட்டுக்கொண்டால் இருக்கிற கொஞ்சத்தையும் இறக்கிவிடும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஒருநாள்தானே, சாமி பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். சொன்னால் இவர்கள் விட மாட்டார்கள், திட்டுவார்கள், டாக்டரைக் கூப்பிடுவார்கள். அதனால் மறைத்தேன். அவ்வளவுதான் விஷயம்.

பத்து மணி இருக்கும். முதலில் கை நடுங்கியது. பிறகு வேர்வை, புடவை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு. எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரம் இரண்டாகத் தெரிந்தது. யாரையாவது கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தால் நாக்கு புரளவில்லை. வேறு யாருக்கோ மாத்திரை கொண்டுபோன நஸ்ரின் என்னைக் கடந்து போனாள். நாலு எட்டு போனவள் நின்றாள். திரும்பி வந்து என் நெற்றியில் புறங்கையை வைத்தாள். அடுத்த நொடி விரலில் குத்தி மெஷினில் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், நாப்பத்தொண்ணு!" என்று கூப்பிட்டாள். அதன்பிறகு காலடிச் சத்தங்கள், கை நரம்பில் ஏறிய குளுக்கோஸ். இரண்டாய்த் தெரிந்த கடிகாரம் மெல்ல மெல்ல ஒன்றானது. திரும்பிப் பார்த்தபோது நஸ்ரின் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

என் மகன் பிரபு சற்று முன்புதான் சென்னையிலிருந்து வந்திருந்தான். கேன்டீனிலிருந்து திரும்பியவன் விஷயம் தெரிந்ததும் எகிறினான். கோபம் எல்லாம் என்னிடமிருந்து வந்ததுதானே. "யாரு ஊசி போட்டது? டோஸ் ஜாஸ்தி போட்டிருக்கீங்க! எங்க அம்மா செத்திருந்தா?" வார்டே திரும்பிப் பார்த்தது. நஸ்ரின் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். "நான்தான் சார் போட்டேன்" என்றாள். பிரபு அங்கேயே உட்கார்ந்து நிர்வாகத்துக்கு ஒரு புகார் எழுதினான். நோயாளி கையெழுத்துப் போட வேண்டும். "போடும்மா" என்று நீட்டினான். "கை நடுங்குது, அப்புறம் போடுறேன்" என்றேன். மெஸ்ஸிலிருந்து ஓடிவந்திருந்த வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. "அந்தக் காகிதம் போச்சுன்னா இந்தப் பொண்ணை வீட்டுக்கு அனுப்பிடுவாங்கக்கா" என்று காதில் ஓதினாள் எட்டாம் பெட்டுக்காரியின் தங்கச்சி. என் இட்லியைத் தின்ற வாயால் அவளும் அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

ஒன்றே முக்காலுக்கு வட்டம் கூடியது. நோட்டைப் படித்தது நஸ்ரினேதான். "ஏழாம் பெட். இன்சுலின் போட்டேன். அம்மா சாப்பிட்டதைக் கண்ணால் பார்க்கவில்லை. சொன்னதை வைத்துக்கொண்டேன்." குரல் உடைந்தது, ஆனால் கடைசி எழுத்து வரைக்கும் படித்தாள். யாரும் யார் என்று கேட்கவில்லை. எல்லாருக்கும்தான் தெரியுமே. டோஸ் சரிபார்த்தார்கள், சரியாக இருந்தது. மருந்து பாட்டிலையும் ஊசியையும் எடுத்துவந்து பார்த்தார்கள், அதுவும் சரி. "அப்ப எப்படி?" என்று செல்வராணி மறுபடி மறுபடி கேட்டார். பதில் நாலடி தூரத்தில் போர்வையை முகம் வரைக்கும் இழுத்துக்கொண்டு படுத்திருந்தது. எனக்கு அப்படி ஒரு வெட்கம். ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பெண் தப்பித்துவிடுவாள். என் வாய், ஊரையே விரட்டும் வாய், திறக்கவில்லை.

மறுநாள் காலை கட்டு மாற்ற யார் வருவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வேறு ஆளைத்தான் அனுப்புவார்கள் என்று நினைத்தேன். என் கடையாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். நஸ்ரின்தான் வந்தாள். கண் வீங்கியிருந்தது. மண்டியிட்டு, என் காலை மடியில் வைத்துக்கொண்டு, பழைய துணியை நனைத்து நனைத்துப் பிரித்தாள்.

"நேத்து அழுதியாமே?" என்றேன்.

"அழுதேம்மா. இன்சார்ஜ் சிஸ்டர் ரூம்ல உக்கார வச்சி அழ விட்டாங்க. டீ வாங்கிக் குடுத்தாங்க. அப்புறம், நாளைக்கும் ஏழாம் பெட்டு உனக்குத்தான்னு சொல்லிட்டாங்க."

"ஏன், வேற ஆளே இல்லயா?"

"தள்ளி நின்னா பயம் பெருசாயிடுமாம். எனக்கு இப்பவும் பயமாத்தான் இருக்குது." சொல்லிக்கொண்டே புண்ணுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் முகர்ந்தாள். "வாடை கம்மியாயிடுச்சும்மா. நல்லா ஆறுது" என்று நிமிர்ந்து சிரித்தாள்.

தன் வேலையைக் காவு வாங்கப்போகும் ஒருத்தியின் அழுகிய காலை முகர்ந்துவிட்டுச் சந்தோஷப்பட ஒரு மனுஷியால் முடியுமா? முடிகிறது, நான் பார்த்தேன். எத்தனையோ வருஷம் கோயிலில் நின்றிருக்கிறேன், அந்த மாதிரி என் உடம்பு எங்கும் சிலிர்த்ததில்லை.

"நஸ்ரின், நேத்து நான் சாப்பிடல" என்றேன்.

"என்னம்மா?"

"விரதம். இட்லிய அந்தப் பொண்ணுக்குக் குடுத்துட்டேன். உன்கிட்ட பொய் சொன்னேன்."

அவள் கை நின்றது. திட்டப்போகிறாள், திட்டட்டும் என்று காத்திருந்தேன். அவள் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. "ஐயோ அம்மா, நேத்து வெறும் வயித்தோடயா ஊசி போட்டுக்கிட்டீங்க? நான் மட்டும் அந்தப் பக்கம் வராம இருந்திருந்தா?" என்றாள். அவளுக்கு முதலில் வந்தது அதுதான். தன் வேலை ஞாபகம் அதற்கப்புறம்தான் வந்திருக்க வேண்டும், காலைக் கட்டி முடித்துவிட்டு வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

பிரபுவைக் கூப்பிட்டேன். "அந்தக் காகிதத்தக் கிழிச்சிடு. தப்பு என்னோடது." அவன் நம்பவில்லை. "பயந்துக்கினு சொல்றியா?" என்றான். "டேய், உங்க அம்மா யாருக்குடா பயந்திருக்கா?" என்றேன். அப்போதுதான் நம்பினான். வீட்டுக்காரர் என் தலையைத் தடவிவிட்டு மெஸ்ஸுக்குப் போய்விட்டார்.

ஒன்றே முக்காலுக்குச் சக்கர நாற்காலியில் என்னை வட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னேன். நோட்டைக் கேட்டு வாங்கினேன். என் கையெழுத்தில் நானே எழுதினேன்: "ஏழாம் பெட் விசாலாட்சி. பௌர்ணமி விரதம் இருந்தேன். சாப்பிட்டாச்சு என்று பொய் சொல்லி ஊசி போட்டுக்கொண்டேன்." பெயர் போட வேண்டாம் என்றார்கள். போட்டேன். படித்தும் காட்டினேன்.

செல்வராணி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஏம்மா எங்ககிட்ட சொல்ல முடியல?" என்றார். வெறும் கேள்வியாகத்தான் கேட்டார், தெரிந்துகொள்ள.

"சொன்னா திட்டுவீங்கன்னுதான்."

"அப்ப நாங்க கேட்ட விதத்துலயும் குறை இருக்குது" என்று அவர் மற்றவர்களைப் பார்த்தார். "சாப்பிட்டீங்களான்னு கேட்டோம். அதுக்கு ஆச்சுன்னு ஒரு பொய் போதும். விரதமான்னு யாருமே கேக்கல."

நஸ்ரின் மெதுவாகச் சொன்னாள்: "சிஸ்டர், ரம்ஜான் வந்தா எங்க ஆளுங்ககிட்ட எல்லாரும் மறக்காம கேக்குறாங்க. எங்க அத்தாவுக்கும், அதான் எங்க அப்பாவுக்கும், டாக்டர் நோன்புக்கு முன்னாடியே மருந்த மாத்திக் குடுத்துடுவாரு. இந்த ஊர்ல மாசாமாசம் பௌர்ணமி வருது. நாம ஒரு தடவ கூட கேட்டதில்ல."

பௌர்ணமிக்குப் பௌர்ணமி பஸ் கிடைக்காமல் நடந்தே வேலைக்கு வருகிறவர்கள் அந்த நர்ஸுகள். அவர்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அன்றே மேசைக்கு மேலிருந்த பலகையில் எழுதினார்கள்: பௌர்ணமி, பிரதோஷம், கிருத்திகை. அந்த நாட்களில் ஊசிக்கு முன் விரதமா என்று கேட்க வேண்டும், ஆமாம் என்றால் திட்டாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். "திட்டாமல்" என்ற வார்த்தையைச் சேர்க்கச் சொன்னது நான்தான்.

ஒரு விரல் போனது. கட்டைவிரல் தப்பியது. இருபத்திரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தேன். இப்போது எனக்கென்று செய்த மெத்தென்ற ரப்பர் செருப்பு இல்லாமல் பாத்ரூமுக்குக் கூடப் போவதில்லை. ராத்திரி படுக்குமுன் வீட்டுக்காரர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு என் உள்ளங்காலைப் பார்ப்பார், முகர்ந்தும் பார்ப்பார். நஸ்ரின் சொல்லிக்கொடுத்தது.

மெஸ்ஸுக்குத் திரும்பிய முதல் நாளே சாம்பார் கரித்தது. "எவன்..." என்று வாய் திறந்தது. மூன்று பேரும் சுவரோடு ஒட்டி நின்றதைப் பார்த்தேன். நஸ்ரின் நின்ற மாதிரியே இருந்தது. "எப்படிடா ஆச்சு?" என்றேன். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவன், "நான் போட்டேன்க்கா, இவனும் போட்டுட்டான். போட்டாச்சுன்னு சொல்ல பயமா இருந்துச்சி" என்றான். பதினைந்து வருஷத்து உப்புக் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். இப்போது உப்பு போட்டவன் உப்பு ஜாடியின் மூடியைக் கவிழ்த்து வைத்துவிடுகிறான், அதுதான் அடையாளம்.

அடுத்த பௌர்ணமியன்று கட்டு மாற்றுவதற்காக ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரோடெல்லாம் கிரிவலக் கூட்டம், ஆட்டோ நகரவில்லை. முந்தின நாளே டாக்டரிடம் கேட்டு, பால் பழத்தோடு விரதம், மருந்தும் அதற்கேற்ற மாதிரி. நஸ்ரின் நிரந்தரமாகியிருந்தாள், இப்போது ஆண்கள் வார்டில் வேலை. அந்த வார்டு வாசலில் உட்கார்ந்து அவளுக்காகக் காத்திருந்தேன். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், மீசையும் விபூதியுமாக, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மருமகள் கொண்டுவந்த பொங்கல் டப்பா திறந்து பக்கத்திலேயே இருந்தது. நஸ்ரின் ஊசியோடு அவரிடம் போனாள்.

"டிபன் வந்துடுச்சுங்களா ஐயா?"

"வந்துடுச்சும்மா. நீ போட்டுட்டுப் போ, நான் சாப்டுக்கறேன்."

என் வார்த்தைகள் அப்படியே அவர் வாயில். எழுந்து ஓடலாமா என்றுகூட நினைத்தேன். நஸ்ரின் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவர் எதிரில், அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு பௌர்ணமி ஆச்சே. விரதங்களா ஐயா? இருந்தா சொல்லுங்க, யாரும் திட்ட மாட்டோம்."

அவர் பொங்கலைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் மலையைப் பார்த்தார்.

"ஆமாம்மா" என்றார்.

நஸ்ரின் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டாள்.